ளகரம் காணவில்லை

அத்தியாயம் 6

அகராதி ஆசிரியருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. வல்லின மெய்கள் மட்டும் தடித்துக் கேட்கும். காலை பதினொரு மணிக்கு அவர் "திட்டமிட்ட சதி" என்று சொன்னபோது அந்த 'ட்ட' இரண்டும் மேசையைக் கையால் தட்டியதுபோல விழுந்தன.

எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அச்சகத்தில் பதினெட்டு வருஷம் பிழை திருத்திவிட்டு, அச்சகம் மூடியபின் மனிதர்களின் பிழைகளைத் தேடிப் பிடிப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டவள். இன்னொருவன் அவள் கணவனின் தம்பி. முன்பு காப்பீட்டு முகவராக இருந்தவன். அந்த வாயை வேறெங்கும் விற்க முடியாததால் அண்ணியிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். அவன் அண்ணி அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, துப்புக் கேட்டு வருகிறவர்களும் அவளை அண்ணி என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். எழுபது வயது ஆசிரியரும் அப்படியே கூப்பிட்டார். கொழுந்தன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

விஷயம் இதுதான். சைக்கிள் கடைக்கு மேலே உள்ள இந்த இரண்டு அறைகளிலிருந்து ஆசிரியரும் அவருடைய மருமகளும் ஓர் இணைய அகராதியை நடத்தி வந்தார்கள். சொற்கள் அவர் பொறுப்பு, கணினி மருமகள் பொறுப்பு. யார் வேண்டுமானாலும் வந்து எந்தச் சொல்லையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது. பக்கத்தின் அடியில் 'ஒரு தேநீர் விலை போதும்' என்று ஒரு பொத்தான். தினமும் நாற்பது ஐம்பது பேர் அதை அழுத்தி ஆளுக்கு ஒரு தேநீர் விலையைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஊர் கூடி இழுத்த அந்தத் தேர் ஒன்பது வருஷமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. குழாயை மூடினதுபோல ஒரே நாளில் நின்றது. சர்வர் வாடகைக்கு இன்று மாலை ஐந்து மணி கெடு. கட்டாவிட்டால் நாளைக்கு அகராதி திறக்காது. ஒரு கம்பெனி அகராதியை வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. வாங்கினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் விலை. கையெழுத்து நாலு மணிக்கு.

கொழுந்தனுக்கு உடனே குற்றவாளி தெரிந்துவிட்டது. கம்பெனிதான் பொத்தானைக் கெடுத்திருக்க வேண்டும் என்றான். மருமகள் தலையை ஆட்டினாள். தினமும் காலையில் இந்த அலுவலகக் கணினியிலிருந்து தானே ஒரு தேநீர் விலை போட்டுப் பார்ப்பதாகவும், அது ஒழுங்காகப் போய்ச் சேர்வதாகவும் சொன்னாள்.

"பொத்தான் கெடலைன்னா ஜனங்க மனசுதான் கெட்டிருக்கணும்" என்றான் கொழுந்தன்.

அண்ணி அவனை அவன் கைப்பேசியிலிருந்து ஒரு தேநீர் விலை போட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் கைப்பேசியில் சார்ஜ் குறைவாக இருப்பதாகச் சொன்னான். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று அவன் மனைவி அவனைப் பற்றி அடிக்கடி சொல்வதுண்டு.

"எல்லாரும் நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார். ஒரே ஓர் ஆள் நிறுத்தவில்லை. பதினைந்தாம் தேதி தொடங்கி இன்றுவரை பத்தொன்பது முறை போட்டிருக்கிறார். பெயர் இல்லை. ஆனால் குறிப்பு எழுதும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஏதோ எழுதியிருந்தார். ஆசிரியர் அதைத் தொடுவதற்கே கூசினார். கம்பெனி தன்னைக் கேலி செய்து மிரட்டுவதற்காக அமர்த்திய ஆள் என்பது அவர் கட்சி.

கொழுந்தன் வாய்விட்டுப் படித்தான்.

'இன்ரு ஒரு கல் முடிந்தது. பிழை இல்லை. உங்கலுக்கு நன்ரி.'

'மழை. ஒரு கல்தான் முடிந்தது. மீதி நாலைக்கு அனுப்புகிரேன்.'

'இரன்டு கல். ஒன்ரு பெரியது. ஒன்ரு குழந்தைக்கு.'

படித்து முடித்ததும் அவனுக்கே அது கல்லெறியும் மிரட்டல்போலத் தோன்றியது. கல், குழந்தைக்கு ஒன்று. தெருப்பக்கத்து ஜன்னலை ஆசிரியர் பத்து நாளாக மூடியே வைத்திருப்பதாக மருமகள் சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஆனால் அவன் வாய் சும்மா இருக்குமா? இந்த ஆளுக்கு ளகரம் வராது என்பது தெரிகிறது, அப்படியானால் அது கல்தானா அல்லது கள்ளா என்று கேட்டான். "இன்னைக்கு ஒரு கள் முடிஞ்சதுன்னு எழுதுறான். ரெண்டு கள் குடிச்ச அன்னைக்கு ஒண்ணு பெருசு. குடிகாரனுக்குத்தான் அண்ணி இவ்வளவு தாராள மனசு இருக்கும்."

அண்ணி சிரிக்கவில்லை. தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், பழைய தொழில் பழக்கத்தில் வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தாள். பத்தொன்பது குறிப்பையும் அப்படியே படித்தாள்.

"இவங்களுக்குத் தமிழ் நல்லாத் தெரியும்" என்றாள்.

ஆசிரியரின் முகம் சுருங்கியது. அண்ணி விளக்கினாள். ளகரம் தெரியாதவர்களுக்கு முதலில் தடுக்குவது ழகரம். இந்த ஆள் பிழை, மழை, குழந்தை என்று பத்தொன்பது குறிப்பிலும் ழகரத்தை ஓர் இடத்தில்கூடத் தவறவிடவில்லை. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் புள்ளி இருக்கிறது. ஒற்று மிகும் இடத்தில் மிகுகிறது. ஆனால் ள, ண, ற மூன்றும் ஒரே ஓர் இடத்தில்கூட இல்லை. தெரியாதவன் நாலு தடவை தப்பாகப் போட்டால் ஒரு தடவையாவது தவறிப்போய்ச் சரியாகப் போடுவான். இது அப்படியில்லை. மூன்று எழுத்தும் வீட்டை விட்டே போய்விட்டன.

மருமகளின் தட்டச்சுப் பலகையைக் காட்டி, இந்த மூன்றும் எப்படி வரும் என்று கேட்டாள். மருமகள் அடித்துக் காட்டினாள். லகரம் சும்மா அடித்தால் வரும். ளகரத்துக்கு ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அதே விசையை அடிக்க வேண்டும். ணகரமும் றகரமும் அப்படியே. ழகரத்துக்கு ஷிஃப்ட் வேண்டாம்.

"அப்ப அந்த ஆளுக்கு மூளையில கோளாறு இல்ல, ஷிஃப்ட்லதான்" என்றான் கொழுந்தன். "ஆனா அண்ணி, ஷிஃப்ட் செத்த கம்ப்யூட்டர் ஊருக்குள்ள ஆயிரம் இருக்கும். ஒவ்வொரு வீடாப் போய் ளகரம் அடிங்கன்னு கேக்க முடியுமா?"

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தங்களிடமே அப்படி ஒன்று இருந்தது என்று ஒப்புக்கொண்டார். இடது ஷிஃப்ட் தேநீர் கொட்டிப் போன வருஷமே போய்விட்டது. வலது ஷிஃப்ட் திடீரென்று ஒருநாள் உயிரை விட்டது. மறுநாளே புதுக் கணினி வாங்கிவிட்டு, பழையதை அப்படியே பலகையோடு அடுத்த தெருப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டார்கள்.

"என்னைக்குப் போட்டீங்க?"

பதிமூன்றாம் தேதி என்றாள் மருமகள்.

அண்ணி தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே போனவள் நின்று, இந்த ஒரு மாதத்தில் கடிதம் எதுவும் வரவில்லையா என்று கேட்டாள். ஆசிரியர் அலுப்போடு கையை விரித்தார். கடிதத்துக்குக் குறைவில்லை, எல்லாம் பைத்தியக்காரக் கடிதம், தத்துவ வியாதி பிடித்தவர்கள் என்றார். மருமகள் பெட்டியைத் திறந்து காட்டினாள். முந்நூறுக்கு மேல் இருந்தன. தலைப்புகளைக் கொழுந்தன் படித்தான்: 'நான் மனிதன்தான்.' 'நம்புங்கள், நான் மனுஷிதான்.' 'ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான நான் மனிதன் இல்லையா?' 'கடைசியாகக் கேட்கிறேன், நான் யார்?'

"கடைசி ஆளுக்கு நாமளே பதில் எழுதலாம் அண்ணி" என்றான். அண்ணி அந்தத் திரையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படியிறங்கினாள்.

பழைய சாமான் கடைக்காரர் மின்விசிறி இறக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதிமூன்றாம் தேதி வந்த கணினியா, அதைக் கல்லக்கா அன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டதே என்றார். ஷிஃப்ட் வேலை செய்யாது என்று சொல்லித்தான் விற்றாராம். குறையைச் சொல்லி விற்றதில் அவருக்கே ஒரு பெருமை இருந்தது. கல்லக்கா எங்கே இருக்கிறார் என்று கேட்டதற்கு, ரயில் பாதையை ஒட்டிப் போனால் சத்தம் கேட்கும், சத்தம் கேட்கிற இடத்தில் பயப்படாமல் உள்ளே போங்கள் என்றார்.

கொழுந்தனுக்குப் பயம் அந்தப் 'பயப்படாமல்' என்ற வார்த்தையில்தான் வந்தது.

மணி ஒன்றரை. சத்தம் கேட்டது. தகரக் கதவைத் தள்ளினதும் வரிசையாகக் கல்லறைக் கற்கள் நின்றன. இன்னும் பெயர் வெட்டாத கற்கள், பெயர் பாதி வெட்டிய கற்கள். அவன் அண்ணிக்கு இரண்டடி பின்னால் நடந்தான். கொட்டகைக்குள் ஐம்பது வயதுக்காரி ஒருத்தி, பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, வெட்டும் கருவியை அணைத்தாள். முழங்கை வரை வெள்ளைத் தூசி. பின்னால் பெஞ்சின் மேல், தூசி படாமல் துணி போர்த்திய கணினி.

கொழுந்தன் அண்ணியின் காதில் கிசுகிசுத்தான். இது ஆள் இல்லை, இவள் வெட்டிய கற்களில் ள, ண, ற எல்லாம் இருக்கின்றன, ஒரு பிழை கிடையாது என்றான். நாலு கல்லைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

"அதனாலதான் தம்பி இவங்க" என்றாள் அண்ணி.

கல்லக்கா மறைக்கவில்லை. ஆமாம், நான்தான் போடுகிறேன், ஒரு கல் முடிந்தால் ஒரு தேநீர் விலை என்றாள். ஏதாவது தப்பாகிவிட்டதா என்று கேட்டபோது மட்டும் முகத்தில் கலவரம் தெரிந்தது. அண்ணி அவளை உட்காரவைத்து, ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வீட்டுக்காரர் தகப்பனாருக்குக் கல் வெட்டச் சொல்லித் தாளில் எழுதிக் கொடுத்தார். இவள் தாளில் இருந்தபடி வெட்டிவிட்டாள். கல்லை நட்டு, சொந்தபந்தம் எல்லாம் கூடி நின்றபோது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கிட்டே போய்ப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'இறந்தார்' என்பதற்குப் பதில் 'இரந்தார்' என்று இருந்தது. ஊருக்கே கொடுத்த மனிதர் பிச்சை எடுத்தார் என்று கல்லில் எழுதியாகிவிட்டது.

"தாள்ல இருந்தா அழிக்கலாம். கல்லுல எதைப் போட்டு அழிக்கிறது? புதுக் கல்லு என் செலவு. அது போகட்டும். அந்தப் புள்ளைங்க அன்னைக்கு நின்ன நிலைதான் இன்னும் கண்ணுல நிக்குது" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பாள், இடைவேளை மணி அடிக்கும்வரை. வெயிலோ மழையோ நின்றுதான் ஆகவேண்டும். வரவு செலவு எழுதலாம் என்று இந்தக் கணினியை வாங்கினாள். திறந்ததும் முதல் பக்கமாக அகராதி வந்தது. ஷிஃப்ட் இல்லாமல் 'இரந்தார்' என்று அடித்தால்கூட, ஒருவேளை இதைத் தேடினீர்களா என்று கேட்டு இரண்டையும் பொருளோடு பக்கத்துப் பக்கத்தில் காட்டியது. எது செத்தவர், எது பிச்சை எடுத்தவர் என்று கண்ணால் பார்த்து வெட்டலாம். போன வாரம் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு கல் வந்தது. அந்தப் பெயரை ஏழு தடவை சரிபார்த்ததாகச் சொன்னாள்.

கொழுந்தன் பக்கத்துக் கல்லில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தான்.

அண்ணி, எப்படிப் போடுகிறீர்கள் என்று காட்டச் சொன்னாள். கல்லக்கா துணியை விலக்கினாள். பொத்தானை அழுத்தியதும் ஒரு கேள்வி வந்தது: 'தாங்கள் மனிதர்தான் என்பதை உறுதி செய்ய விடையளிக்கவும். பாடம் படிக்கும் இடம் எது?' கல்லக்கா அடித்தாள். திரையில் எழுத்துகள் தெரிந்தன: 'பல்லி'. அழுத்தினாள். 'நன்றி' என்று பச்சை எழுத்தில் வந்தது.

"தம்பி, உன் போனை எடு" என்றாள் அண்ணி.

சார்ஜ் என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்தான். அதே பக்கம், அதே கேள்வி. அவன் 'பள்ளி' என்று சுத்தமாக அடித்தான். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'மன்னிக்கவும். தாங்கள் மனிதர் என்பது உறுதியாகவில்லை.' மறுபடி அடித்தான். மறுபடி அதே. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு 'பல்லி' என்று அடித்தான். நன்றி சொல்லி, அவன் கணக்கிலிருந்து ஒரு தேநீர் விலையை எடுத்துக்கொண்டது.

"அந்த முந்நூறு பேரும் பைத்தியம் இல்ல அண்ணி" என்றான். "எல்லாரும் ஒழுங்கா எழுதத் தெரிஞ்சவங்க."

"அகராதி பாக்குறவங்க ஆச்சே. ஒருத்தராவது தப்பா எழுதுவாங்களா?" என்றாள் அண்ணி.

அவன் இதை அலுவலகத்திலேயே செய்திருந்தால் இந்தத் துப்பு பதினொன்றே காலுக்குத் துலங்கியிருக்கும். அண்ணி அதைச் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

கல்லக்காவுக்குத்தான் வெட்கம். "பல்லின்னு வர்றது எனக்குத் தெரியுமுங்க. இந்தப் பலகையில அதுதான் வரும். தெரிஞ்சே மன்னிச்சு உள்ள விடுறாங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

சைக்கிள் கடை மாடிக்கு அவர்கள் ஏறும்போது மணி மூன்றேகால். ஒப்பந்தம் மேசையில் விரித்திருந்தது. ஆசிரியர் பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார். கொழுந்தன் கதையைச் சுவையோடு ஆரம்பிக்கப் போனான். அண்ணி அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பன்னிரண்டாம் தேதி இந்த 'மனிதர்தானா' கேள்வியைப் போட்டது யார் என்று மட்டும் கேட்டாள்.

தான்தான் என்றார் ஆசிரியர், பெருமையோடு. இயந்திரங்கள் பொய்ப் பெயரில் வந்து பொத்தானை அழுத்தித் தொல்லை கொடுத்தன. மருமகள் அன்று ஊரில் இல்லை. தானே உட்கார்ந்து கேள்வியும் விடையும் அடித்தார். இந்த அலுவலக இணைய இணைப்புக்கு மட்டும் கேள்வி வராமல் செய்யவும் அவருக்குத் தெரிந்திருந்தது. மருமகள் தினமும் போட்டுப் பார்த்தது வீணாகப் போனது அதனால்தான்.

"எந்தப் பலகையில அடிச்சீங்க?"

பழையதில். கேள்வியை ஒழுங்காக அடித்து முடித்தேன், அன்று அதற்குப் பிறகுதான் வலது ஷிஃப்ட் உயிரைவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். விடை அடிக்கும் கட்டத்தில் எழுத்துத் தெரியாது. கடவுச்சொல் போல வெறும் புள்ளிகள்தான் தெரியும். மருமகள் அந்தக் கட்டத்தைத் திறந்து புள்ளிகளை எழுத்தாக மாற்றினாள்.

பல்லி.

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். ஒன்பது வருஷத்தில் எண்பதாயிரம் சொற்களை எழுத்தெண்ணிச் சரிபார்த்தவர். நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். அவர் அழப்போகிறாரோ என்று கொழுந்தன் பயந்தான். ஆனால் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல் சிரித்தார், பிறகு சத்தத்தோடு சிரித்தார், கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"சரியா எழுதினவங்களை எல்லாம் வாசல்லயே நிறுத்தி, நீ மனுஷனான்னு கேட்டிருக்கேன்மா" என்றார் மருமகளிடம்.

மருமகள் விடையைத் திருத்தினாள். முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் ஒரே கடிதம் போயிற்று. ஆசிரியர் வாசகம் சொல்ல, அவள் அடித்தாள்: 'நீங்கள் மனிதர்தான். ஐயம் எங்கள் மேல்தான் இருந்திருக்க வேண்டும். எழுத்துப்பிழை எங்களுடையது.' மூன்றே முக்காலுக்கு முதல் தேநீர் விலை வந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், 'ஏற்றுக்கொண்டமைக்கு மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தார். பிறகு இரண்டு, ஐந்து, பதினொன்று. நாலு மணிக்குக் கம்பெனியிலிருந்து தொலைபேசி வந்தது. ஆசிரியர் வல்லினம் எதுவும் தடிக்காமல், அகராதி விற்பனைக்கு இல்லை என்று சொல்லி வைத்தார். நாலே முக்காலுக்கு மருமகள் சர்வர் வாடகையைக் கட்டிவிட்டு, முதல் முறையாக நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். ஒரு மாத வாடகைதான் சேர்ந்திருந்தது. அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம்.

ஆசிரியர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவை நேரில் பார்க்க வேண்டும், மருமகளின் பழைய பலகை ஒன்று சும்மா கிடக்கிறது, அதையும் கொடுத்துவிட்டு வரலாம் என்றார். வழி காட்டக் கொழுந்தன் கூடப் போனான்.

கல்லக்கா பலகையை வாங்கிக்கொண்டாள். அவர் மன்னிப்புக் கேட்டபோது என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கல்லைத் துடைத்து அவர் உட்கார இடம் போட்டாள். பிறகு அவள், கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் அகராதியில் எங்கள் தொழிலின் வார்த்தைகள் ஒன்றுமே இல்லை என்றாள். ஆசிரியர் நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டும் பேனாவும் வெளியே வந்தன. கல்லின் முகத்தைத் தேய்த்து முடிக்கும்போது ஓரத்தில் கூர்மையாக ஒரு மெல்லிய விளிம்பு எழும்பும். கை வைத்தால் கிழித்துவிடும். அதற்கு அவர்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு. அவள் அதைச் சொன்னாள்.

ஆசிரியர் பாதி எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"கடைசியில வர்றது எந்த ல-ம்மா?"

"எங்களைக் கேட்டா? எங்க அப்பா சொல்லுவாரு, நான் சொல்லுவேன். யாரும் எழுதினதே இல்லையே" என்றாள் கல்லக்கா.

எண்பதாயிரம் சொற்களின் ஆசிரியர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, காதை அவள் பக்கம் சாய்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."